கை மட்டும் தெரிந்தால் போதும்

பையை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கம்மா, கீழே வைக்காதீர்கள். இந்த பஸ்ஸில் போன வாரம் யாரோ எண்ணெய் டின்னைக் கவிழ்த்துவிட்டார்கள், இன்னும் பிசுபிசுப்பு போகவில்லை. கனமாக இருந்தால் என்னிடம் கொடுங்கள், நான் வைத்துக்கொள்கிறேன். என்னிடம் இந்தக் கார்டுக் கட்டு மட்டும்தான்.

முகூர்த்தப் புடவைதானே? பெட்டியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பொண்ணுக்கா? ஆவணியிலா? நல்லதுங்கம்மா. கொஞ்சம் பார்க்கட்டுமா, கை சுத்தமாகத்தான் இருக்கிறது. அரக்குக்கு மாம்பழக் கலர் கரை. ஜாக்கெட் துணியும் இதிலேயே சேர்ந்து வருகிறதா? அதை வெட்டி ஆரி வேலை போடக் கொடுக்கத்தான் திருச்சிக்குப் போகிறீர்களா? யாரிடம் கொடுப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லையா?

அப்படியானால் இந்தாங்க. எங்கள் கார்டு. 'ஸ்ரீ மங்களா ஆரி ஒர்க்ஸ்.' பெயர் புதிது, வேலை பழையதுதான்.

நீங்கள் கேட்டது சின்னக் கேள்வி. 'யாரும்மா போடறது, நீயா?' எல்லாரும் கேட்கிற கேள்விதான். அதற்கு அக்கா எனக்குப் பதில் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறாள். துறையூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்து, ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு சொன்னாள். "ஆள் வச்சுப் பண்றோம்னு சொல்லு. அதுக்கு மேல வாயைத் தொறக்காத, சங்கவி. கார்டக் குடு, வந்துரு."

சரி என்றுதான் சொன்னேன். ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்து எனக்கு அது வரவில்லை. எனக்குப் பொய் வராதுங்கம்மா. பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாத நாளில் நோட்டை மறந்துவிட்டேன் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் மட்டும் எழுதவில்லை என்று சொல்லி அடி வாங்குவேன். நீங்களும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுதானே, டிக்கெட் வாங்கும்போது கேட்டது. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. சொல்கிறேன்.

போடுகிறவள் என் அக்கா. தேன்மொழி. நான் கூடமாட இருப்பேன், ஊசி பிடிக்கத் தெரியாது. என் வேலை விளம்பரம்.

எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியது நான்தான். பி.பி.ஏ. அப்பா கரும்பு வெட்டுகிறவர், எங்கம்மா களையெடுக்கப் போகிறவர். சான்றிதழ் வந்த அன்றைக்கு அப்பா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, எதுவும் சாப்பிடாமல் வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். சந்தோஷத்தில்தான். அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் வீட்டில் சும்மா இருந்தேன். யாராவது கேட்டால் அப்பா, "பரீட்சைக்குப் படிக்குது" என்பார். நான் எந்தப் பரீட்சைக்கும் படிக்கவில்லை. அந்தப் பொய் என்னைத் தின்றுகொண்டே இருந்தது. அதனால் அக்கா ஆரி வேலை ஆரம்பித்தபோது, இதை ஊருக்குத் தெரியவைப்பது என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன். இனிமேல் அப்பா யாரிடமும் பொய் சொல்ல வேண்டாம் பாருங்கள்.

அக்காவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் வேலை பார்த்தார். ஒடிசாவுக்குப் போன இடத்தில் காய்ச்சல். நாலு நாள்தான். உடம்புதான் வந்தது. அப்போது அக்காவுக்கு இருபத்தேழு வயது, குழந்தை இல்லை. எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

பையை ஏன் அந்தப் பக்கம் மாற்றுகிறீர்கள்? வெயிலா? ஆமாம், பட்டில் வெயில் படக் கூடாது. ஜன்னலைச் சாத்தட்டுமா? சரி, இருக்கட்டும்.

ஒரு வருடம் அவள் வாசல் பக்கமே வரவில்லை. எங்கம்மாதான் இழுத்துக்கொண்டு போய் துறையூரில் ஆரி வகுப்பில் சேர்த்துவிட்டார். ஆறு மாத வகுப்பு, அக்கா மூன்று மாதத்தில் முடித்தாள். கட்டில் மாதிரி ஃப்ரேம், அதில் துணியை மத்தளத் தோல் மாதிரி இழுத்துக் கட்டி, மேலே ஒரு கை, கீழே ஒரு கை. மேல் கை ஊசியை விடும், கீழ் கை நூலைக் கொடுக்கும். கீழ் கை என்ன செய்கிறது என்று அவள் கண்ணுக்கே தெரியாது. ஆனாலும் ஒரு தையல் கோணாது. மயில் என்றால் மயில். பல்லக்கு என்றால் பல்லக்கு. பல்லக்கில் மணப்பெண் உட்கார்ந்திருப்பாள், கடுகளவு முகம், அதில் வெட்கம் தெரியும்.

முதலில் பக்கத்துத் தெருக்காரர்கள் சாதாரண ஜாக்கெட் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் யாரும் முகூர்த்த ஜாக்கெட் கொடுக்கவில்லை. ஏன் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசிக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் தெரியும்தானே. நான்தான், வெளியூர்க்காரர்கள் கொடுப்பார்கள், வீடியோ போடுகிறேன் என்றேன்.

அக்கா ரொம்ப யோசித்துச் சம்மதித்தாள். ஒரே ஒரு நிபந்தனை. "கையை மட்டும் எடு. மூஞ்சி வேணாம்."

கூச்சம் என்று நினைத்தேன். சரி என்றேன்.

முதல் வீடியோவைப் போட்டுப் பார்த்தால் கை மொட்டையாக இருந்தது. என்னவோ மாதிரி. கல்யாண ஜாக்கெட்டுக்கு மேல் வெறும் கை. நான் என் வளையலில் நாலு எடுத்துக் கொடுத்தேன், கருஞ்சிவப்புக் கண்ணாடி வளையல். "வீடியோவுக்கு மட்டும்கா." அக்கா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு போட்டுக்கொண்டாள். அன்றைக்கு வீடியோ முடிந்ததும் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டாள். அடுத்த நாளும் கொடுத்தாள். அதற்கடுத்த வாரத்திலிருந்து நானும் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை.

அந்த வீடியோக்களைப் பார்த்துத்தான் பெரம்பலூர், அரியலூர், நாமக்கல் என்று ஆர்டர் வந்தது. ஊசி இறங்கி ஏறுகிற சத்தமும், வளையல் சத்தமும். வேறு ஒன்றும் கிடையாது. 'கை எவ்வளவு அழகு', 'வளையல் எங்கே வாங்கினீங்க' என்று எழுதுவார்கள். நான் அக்காவுக்குப் படித்துக் காட்டுவேன். "போடி" என்பாள். மறுபடி ஒரு தடவை படிக்கச் சொல்வாள்.

பெண் வீட்டுக்காரர்கள் துணி கொண்டுவரும்போது சும்மா கொண்டுவர மாட்டார்கள், உங்களுக்குத் தெரியாததா. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, துணி முனையில் மஞ்சள். எல்லாம் வைத்து, போடுகிறவர் கையில் கொடுத்து, குங்குமச் சிமிழை நீட்டுவார்கள். முதல் தடவை ஒரு அம்மா அப்படி நீட்டியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அக்கா எங்கம்மாவைப் பார்த்தாள். எங்கம்மா அடுப்பில் ஏதோ இருக்கிற மாதிரி உள்ளே போய்விட்டார். அடுப்பில் ஒன்றும் இல்லை. அக்கா விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். ரொம்பச் சின்னதாக. மிளகு மாதிரி.

மறுநாள் பூக்காரி வந்தபோது எங்கம்மா ஒரு முழம் கூடுதலாக வாங்கினார். யாருக்கு என்று சொல்லவில்லை. ஃப்ரேம் மேல் வைத்துவிட்டுக் களைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து தினமும் ஒரு முழம் கூடுதல்தான்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. முப்பத்தாறு முகூர்த்த ஜாக்கெட். எல்லாரும் பத்திரிகை கொடுப்பார்கள், 'கண்டிப்பா வரணும்' என்பார்கள். அக்கா ஒன்றுக்கும் போனதில்லை. வேலை இருக்கு என்பாள். அவர்கள் அனுப்புகிற மண்டபத்துப் படத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்ப்பாள். பெண் முகத்தைப் பார்க்க மாட்டாள், முதுகைத்தான் பார்ப்பாள்.

நாங்கள் பொய் சொல்லவில்லைங்கம்மா. யாரும் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குள்ளே ஒரு உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. வளையல் போடச் சொன்னது நான்தானே. மறைக்கிற மாதிரிதானே அது. எதற்காக மறைக்க வேண்டும்? அவள் என்ன தப்பு செய்தாள்?

அப்போதுதான் துறையூரில் மூன்று நாள் தொழில் பயிற்சி நடந்தது, இலவசம். நான் போனேன். சென்னையிலிருந்து ஒரு சார் வந்து விளம்பரத்தைப் பற்றிப் பேசினார். "பொருளை விற்காதீங்க, உங்க கதையைச் சொல்லுங்க. முகம் தெரியாத கடையை யாரு நம்புவா?" நோட்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். எனக்காகவே சொன்ன மாதிரி இருந்தது. எங்கள் கடைக்கு முகம் இல்லை. ஆனால் கதை இருக்கிறது. அதுவும் உண்மையான கதை.

மாசி மாதம், மகளிர் தினம் வந்தது. அக்கா பெரம்பலூர் டீச்சரம்மா பெண்ணுக்கு வேலை செய்துகொண்டிருந்தாள். வைகாசி முகூர்த்தம், பெரிய வேலை, முதுகில் பல்லக்கு. நான் ஜன்னலுக்கு வெளியே நின்று எடுத்தேன். அவளுக்குத் தெரியாது. குனிந்த தலை, மூக்கு நுனியில் வியர்வை, முகத்தில் வெளிச்சம். அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததே இல்லை. பின்னால் என் குரலில் பேசினேன். இருபத்தேழு வயதில் கணவரை இழந்தவள், ஊர் ஒதுக்கியபோது ஊசியைக் கையில் எடுத்தவள், இன்றைக்கு நூற்றுக்கணக்கான மணப்பெண்களுக்கு என்று… முப்பத்தாறு என்று திருத்திக்கொண்டேன். நூற்றுக்கணக்கு என்பது பொய்யாகிவிடும் இல்லையா.

கேட்டுவிட்டுப் போட்டிருக்கலாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். அதனால்தான் கேட்கவில்லை.

சாயங்காலத்துக்குள் முப்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். மறுநாள் ஒரு லட்சம். எழுதியிருந்ததைப் படித்தால் நீங்களே அழுதுவிடுவீர்கள். 'உன் பாதம் தொட்டு வணங்குகிறேன் தங்கையே.' 'இப்படிப்பட்ட கைதான் என் மகளுக்குத் தைக்க வேண்டும்.' நான் ஓடிப்போய் அக்காவிடம் காட்டினேன்.

அவள் முழுவதும் பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். "கையை மட்டும்தானடி எடுக்கச் சொன்னேன்" என்றாள். கோபமாகக்கூட இல்லை. திரும்பி ஊசியை எடுத்துக்கொண்டாள்.

பழகிவிடும் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் நாமக்கல்லிலிருந்து போன். பெண் டிசைனை மாற்றிவிட்டாளாம், துணியைப் பிறகு தருகிறார்களாம். அரியலூரில் ஒருத்தருக்குக் கல்யாணமே தள்ளிப்போய்விட்டதாம். இன்னொருத்தர் வீட்டில் பங்காளி இறப்பு, தீட்டு. எல்லாரும் நல்லபடியாகத்தான் பேசினார்கள். எல்லாரும் வீடியோவைப் பார்த்ததாகவும் அழுததாகவும் சொன்னார்கள். அதனால் எனக்கு முதலில் விளங்கவில்லை. மாசி கழிந்து பங்குனி வருகிறது, அதனால் மந்தம் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

பிறகு டீச்சரம்மாவே நேரில் வந்தார். காரில், சமயபுரம் கோயிலுக்குப் போய்விட்டு வருகிற வழி. ரொம்ப மரியாதையானவர்ங்கம்மா, பெரிய பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்ததும் என்னைத் தட்டிக்கொடுத்து, வீடியோ நல்லா இருந்தது என்றார். அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் இல்ல தேன்மொழி. நான் அப்படியெல்லாம் பாக்கறவ இல்ல. மாப்ள வீட்ல அவங்க அத்தை ஒருத்தங்க வீடியோவப் பாத்துட்டாங்க."

ஃப்ரேமில் கட்டியிருந்த நூலை அக்காவே வெட்டினாள். ஜாக்கெட்டில் ஒரு கை முழுதாக முடிந்திருந்தது. முதுகில் பல்லக்கும், உள்ளே பெண்ணும் ஆகிவிட்டிருந்தது. தூக்குகிற ஆட்களை இன்னும் போடவில்லை. துணியை நான்காக மடித்து, மிச்ச முத்து, ஜரி, எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தாள். "வேற யார்கிட்டயாவது குடுத்தா அடியில முடிச்சு இருக்கும், பாத்து இழுக்கச் சொல்லுங்க. பிரிஞ்சிரும்" என்றாள்.

டீச்சரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகத்தான். கிளம்பும்போது சமயபுரத்துக் குங்குமப் பொட்டலத்தைப் பிரித்தார். எங்கம்மாவுக்குக் கொடுத்தார். எனக்குக் கொடுத்தார். அடுத்து அக்கா நின்றாள். இரண்டு வருடப் பழக்கம்ங்கம்மா, அவள் கை தானாக நீண்டுவிட்டது. டீச்சரம்மா ஒரு நொடி நின்றார். அப்புறம் பையில் தேடி இன்னொரு பொட்டலத்தை எடுத்தார். விபூதி.

அக்கா வாங்கி வைத்துக்கொண்டாள். நல்லா இருங்கம்மா, பொண்ணு நல்லா இருக்கட்டும் என்றாள்.

படித்து என்ன, டீச்சராக இருந்து என்ன? இதை இப்படியே விடக் கூடாது என்று தோன்றியது. நான் படித்தது எதற்கு? அன்றைக்கு மத்தியானமே நான் ஒரு வீடியோ பேசினேன், என் முகத்தைக் காட்டி. பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. விபூதியைச் சொன்னேன். என் அக்கா கை நீண்டு நின்றதைச் சொன்னேன். பேசும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அது நடிப்பில்லை. அதை வெட்டாமல் அப்படியே போட்டேன்.

அதை நாலு லட்சம் பேர் பார்த்தார்கள்.

அக்காவுக்கு நான் காட்டவில்லை. எதிர்வீட்டுப் பெண் காட்டிவிட்டாள். காட்டி, "உனக்காக ஊரே அழுவுதுக்கா" என்றாளாம். அக்கா நேராகக் குழாயடிக்குப் போனாள். கையில் சோப்புப் போட்டுக்கொண்டு வளையலைக் கழற்ற ஆரம்பித்தாள். நான் ஓடினேன். முதல் தடவை, அவள் வீட்டுக்காரர் போனபோது, அதையெல்லாம் செய்தவர்கள் வேறு ஆட்கள், வயசான பொம்பளைகள் நாலு பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டு உடைத்தார்கள். இந்தத் தடவை அவள் ஒன்றைக்கூட உடைக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி, நுரையைக் கழுவி, நாலையும் ஈரத்தோடு என் கையில் வைத்தாள்.

"வீடியோவுக்கு வச்சுக்க."

அவ்வளவுதான் சொன்னாள். நான் உனக்காகத்தானே பேசினேன்கா என்றேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இன்றைக்கு வரைக்கும் அதற்குப் பதில் சொல்லவில்லை. சொன்னால்தானே எனக்கும் தெரியும், நான் எதில் தப்பு செய்தேன் என்று. சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இருந்தால் காட்டட்டும்.

வைகாசிக்கு ஒரு ஆர்டர்கூட இல்லை. ஆனியும் போனது. எங்கம்மா இப்போது பழையபடி பூ வாங்குகிறார், அவருக்கு மட்டும்.

எனக்குத்தான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பயிற்சிக்காரர்களே மேடையில் பேசக் கூப்பிட்டார்கள், 'இளம் சாதனையாளர்' என்று ஷீல்டு கொடுத்தார்கள். அங்கேயும் நான் இதையே சொன்னேன், ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அப்பா ஷீல்டைச் சான்றிதழுக்குப் பக்கத்தில் வைத்தார். அக்கா அதைத் தினமும் துடைக்கிறாள். வீட்டில் எல்லாவற்றையும்தான் துடைக்கிறாள்.

வீடியோவை எடுத்துவிடச் சொன்னாள், ஒரே ஒரு தடவை. எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எடுத்துவிட்டேன் என்று சொல்லவில்லை. எடுத்தால் அந்த நாலு லட்சம் பேரும் எழுதியது எல்லாம் போய்விடுமே. அவளுக்கு என்றைக்காவது படிக்கத் தோன்றினால்?

மன்னச்சநல்லூர் வந்துவிட்டதா? பேச்சில் தெரியவே இல்லை. நீங்கள் ஒன்றும் பேசவில்லையே. தலைவலியா? இந்தப் பாட்டுச் சத்தம் வேறு. கண்டக்டரிடம் குறைக்கச் சொல்லட்டுமா?

இன்னும் கொஞ்சம்தான். ஆடி பிறந்ததும் அக்கா ஒருநாள் எங்கம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஹாஸ்டலோடு வேலை இருக்கிறதாம், எதிர்வீட்டுப் பெண்ணின் அண்ணி சொன்னாளாம். "ஆவணிக்கு ஒரு முகூர்த்த ஜாக்கெட்டாவது வரட்டும்மா. ஒண்ணு வந்தா இருக்கேன். வரலேன்னா ஃப்ரேம யாருக்காவது குடுத்துட்டு நான் போயிடறேன்." எங்கம்மா களைக்கொட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

அதனால்தான் இந்தக் கார்டு. பெயரை மாற்றினோம், போன் நம்பரை மாற்றினோம். பழைய பக்கத்தில் எதுவும் போடுவதில்லை. திருச்சியில் ஜாக்கெட் துணிக் கடைகள், டெய்லர் கடைகள் எல்லாவற்றிலும் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். இருநூறு கார்டு. காலையிலிருந்து நான் கொடுத்த முதல் கார்டு உங்களுக்குத்தான்.

அக்கா ஃப்ரேமைத் துடைத்துக் கட்டி வைத்திருக்கிறாள். ஊசிக்கு எண்ணெய் போட்டாள். நேற்று சாயங்காலம் பார்க்கிறேன், வெறும் ஃப்ரேம் முன்னால் உட்கார்ந்து இரண்டு கையையும் மேலேயும் கீழேயும் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். துணி இல்லை. துணி இல்லாததால் கீழ் கையும் தெரிந்தது.

உங்கள் துணியைத் தொட்டதுமே நினைத்தேன். அந்த அரக்குக்குத் தங்க ஜரியில் அக்கா கை பட்டால் எப்படி இருக்கும் தெரியுமா. ஆவணிக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது, அவளுக்குப் பத்து நாள் போதும். உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், எனக்கும் பாரம் இறங்கிவிட்டது. மறைத்துக் கொடுத்திருந்தால் நாளைக்கு நீங்களே என்னைக் கேட்பீர்கள், அப்போது நான் எந்த முகத்தோடு நிற்பது? உங்களைப் போல எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு ஒருவர் கொடுத்தால்தான் அக்காவுக்கும்…

எழுந்துவிட்டீர்களே. டோல்கேட்தானே இது? சத்திரம் இன்னும் வரவில்லைங்கம்மா, ஆற்றுப்பாலம் தாண்ட வேண்டும். இங்கேயேதான் இறங்குகிறீர்களா? சரி சரி, தெரிந்தவர்கள் வீடு இருக்கும். இருங்கள், காலை எடுத்துக்கொள்கிறேன். பை பத்திரம். கம்பியில் மாட்டிக்கொள்ளப் போகிறது, பட்டு. பார்த்து இறங்குங்கள்.

நல்லா நடக்கட்டும்மா கல்யாணம். பொண்ணு நல்லா இருக்கட்டும்.

அம்மா. அம்மா, ஒரு நிமிஷம்.

கார்டை சீட்டிலேயே மறந்து வைத்துவிட்டீர்கள்.